கிரம்பிள்: புட்டுக் கொத்தத் தெரிந்த கைக்கு ஒரு பழப் பலகாரம்

போன வைகாசியில் என் பெறாமகள் கைத்தொலைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கண்ணாடித் தட்டு ஒன்றில் மஞ்சளாக ஏதோ தளும்பிக்கொண்டிருந்தது. அதன்மேல் வெள்ளை வெள்ளையாக ஈரத் திட்டுகள். கீழே ஒரு குரல் பதிவு: "சித்தி, மாம்பழக் கிரம்பிள் செய்தனான். சொதி மாதிரி வந்திட்டுது. ஓவன் சரியில்லையோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சில வருடங்களுக்கு முன் நான் முதன்முதலில் செய்ததும் இதே சொதிதான். நானும் அன்று ஓவனைத்தான் திட்டினேன்.

இப்போது யாழ்ப்பாணத்தில் கிரம்பிள் என்ற சொல் அடிக்கடி காதில் விழுகிறது. ஆடி, ஆவணி விடுமுறைக்கு லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வருகிற பிள்ளைகள் கேட்கிறார்கள். யூடியூப்பில் பார்த்துவிட்டு இங்குள்ள பிள்ளைகளும் செய்து பார்க்கிறார்கள். ஆனால் அது என்னவென்று கேட்டால் ஆளுக்கொரு பதில். கேக்கில் ஒரு வகை என்பார் ஒருவர். புடிங் என்பார் இன்னொருவர். அப்பிள் இல்லாமல் நடக்காது, விலை கூடின ஓவன் வேண்டும், பட்டர் அள்ளிப் போட்டால் எல்லாம் சரிவரும் என்றெல்லாம் அறிவுரைகள் வேறு. பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்த பழக்கத்தில், இதை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது. என்னைக் கேட்டால், கிரம்பிளில் உள்ள சூட்சுமம் ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர் எங்கே இருக்கலாம், எங்கே இருக்கக்கூடாது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் பெயர்க் குழப்பம்

கிரம்பிள் என்பது பழத்துண்டுகளைத் தட்டில் பரப்பி, அதன்மேல் மா, கொழுப்பு, சீனி மூன்றும் சேர்ந்த உதிரிக் கலவையைத் தூவி, வெதுப்பி எடுப்பது. அவ்வளவுதான். கிரம்பிள் என்ற ஆங்கிலச் சொல்லுக்கே உதிர்தல், பொடிதல் என்றுதான் பொருள்.

வெதுப்புதல் என்றால் சுற்றிவர இருக்கும் சூடான, உலர்ந்த காற்றால் வேகவைப்பது. தெருவில் 'வெதுப்பகம்' என்ற பெயர்ப்பலகையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தச் சொல்லைத் தனியாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பாண் வேகும் போறணைக்குள் நடப்பது அதுதான். 'உலர்ந்த' என்ற சொல்லை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பேஸ்ட்ரி என்றவுடன் சிலருக்குக் கிறீம் பூசிய கேக் துண்டு நினைவுக்கு வரும், சிலருக்குத் தேநீர்க்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மீன் பேஸ்ட்ரி. இங்கே நான் பேஸ்ட்ரி என்று சொல்வது, பற்றிஸின் வெளித்தோலைப் போன்ற ஒன்றை. கோதுமை மாவில் கொழுப்பைச் சேர்த்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுத் திரட்டி, தகடாக உருட்டி எடுப்பது. அந்தத் தகட்டுக்குள் பழத்தை வைத்து வெதுப்பினால் அது பழப் பை. (தோளில் கொழுவும் பை அல்ல.)

அந்தத் தகடுதான் நமக்குச் சரிவராது. பட்டர் 32 முதல் 35 பாகைக்குள் உருகிவிடும். சித்திரை, வைகாசி மாதத்துக் குசினி அந்த வெப்பத்தைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கிறது. தகடு உருட்டி முடிப்பதற்குள் பட்டர் எண்ணெயாகிக் கையில் வழியும். கிரம்பிளுக்குத் தகடும் இல்லை, உருட்டலும் இல்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான் இது பிரித்தானியாவில் வீட்டுக்கு வீடு பரவியதாகச் சொல்வார்கள். 1940 தை மாதம் அங்கே பட்டரும் சீனியும் பங்கீட்டுக்கு வந்துவிட்டன. பழத்தை மேலும் கீழும் மூடும் தகட்டுக்கு எவ்வளவு கொழுப்பு வேண்டும்? மேலே மட்டும் தூவினால் பாதியிலும் குறைவு போதும். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்த ஊருக்கு இந்த மாதிரிச் சமாளிப்பு ஒன்றும் புதிதல்ல.

இதற்குச் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். தூவும் கலவையில் ஓட்ஸ் சேர்த்தால் அமெரிக்கர் அதைக் கிறிஸ்ப் என்பார்கள். மேலே உதிரிக்குப் பதிலாக மென்மையான மாக்கட்டிகளை வைத்தால் கொப்ளர். இதற்கு மேல் அந்த உறவுமுறை நமக்கு வேண்டாம்.

புட்டுக்கு மா குழைக்கும் கை

அடுத்த முறை புட்டுக்கு மா குழைக்கும்போது உங்கள் கையைக் கவனித்துப் பாருங்கள். தண்ணீரை ஒரே ஊற்றாக ஊற்றமாட்டீர்கள். தெளித்துத் தெளித்துக் கிளறுவீர்கள். மா அங்கங்கே சேரவேண்டும், ஆனால் முழுதும் திரண்டுவிடக்கூடாது. பிறகு சுண்டின் விளிம்பால் கொத்திக் கொத்திச் சின்னச் சின்ன மணிகளாக்குவீர்கள். ஒரு கை தண்ணீர் கூடிவிட்டால் போச்சு. புட்டு மா ரொட்டி மாவாகிவிடும்.

கிரம்பிளின் மேற்பகுதிக்கும் வேண்டியது இதே மணிகள்தான். ஒரே ஒரு வித்தியாசம்: புட்டில் மாவைச் சேர்த்துப் பிடிப்பது தண்ணீர், கிரம்பிளில் அந்த வேலையைச் செய்வது கொழுப்பு.

ஏன் தண்ணீர் கூடாது? கோதுமை மாவில் இருக்கும் இரண்டு புரதங்கள், தண்ணீர் பட்டுப் பிசைபட்டால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலையாகின்றன. இந்த வலைக்குக் குளூட்டன் என்று பெயர். ரொட்டி மா இழுபடுவதும் பாண் பஞ்சுபோல் எழும்புவதும் இந்த வலையால்தான். பாணுக்கு அது வரம், கிரம்பிளுக்குத் தொல்லை. வலை பின்னிய மா உதிராது. இறுகி, சவ்வாகி, பல்லில் இழுக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கோதுமை மாவை நாம் ஏன் துணியில் கட்டி அவித்து, அரிதட்டில் அரித்துப் புட்டுக்கு எடுக்கிறோம்? பச்சைக் கோதுமை மாவில் தண்ணீர் விட்டால் ஒட்டிப் பிசின்போல் ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். காரணம் அந்தக் குளூட்டன். ஆவியின் சூட்டில் அந்தப் புரதங்கள் உருக்குலைந்து, வலை பின்னும் திறனை இழந்துவிடுகின்றன. அதன்பிறகு தண்ணீர் தெளித்தாலும் மா உதிரியாகவே நிற்கும். எங்கள் அம்மம்மாவுக்குக் குளூட்டன் என்ற சொல் தெரியாது, ஆனால் அதை அடக்கும் வித்தை கைப்பழக்கமாக இருந்தது.

வெள்ளைக்காரர் வேறு வழியில் போனார்கள். தண்ணீர் மாவைத் தொடுவதற்கு முன்பே அதற்கு ஒரு மழைக்கோட்டு போட்டுவிட்டார்கள். பட்டரை மாவுடன் சேர்த்து விரல் நுனியால் உரசும்போது, மாத்துகள்களின்மேல் கொழுப்புப் படிந்துவிடுகிறது. பிறகு தண்ணீர் வந்தாலும் உள்ளே போக வழி குறைவு. வலையும் பின்னாது. நாம் ஆவியால் செய்ததை அவர்கள் கொழுப்பால் செய்தார்கள், அவ்வளவுதான்.

பட்டருக்குள்ளேயும் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது, நூற்றில் 16, 17 பங்கு. அது சூட்டில் ஆவியாகி வெளியேறும்போது மணிகளுக்குள் சின்னத் துவாரங்களை விட்டுச் செல்லும். கடிக்கும்போது நொறுங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். நெய்யில் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை. தேங்காயெண்ணெயோ நம் வெயிலில் எப்போதும் திரவம்தான், 24 பாகையிலேயே உருகிவிடும். இரண்டிலும் செய்யலாம். ஆனால் மணி பிடிக்காமல் ஈர மணல்போல் வரும். அதில் தவறில்லை, வாசமும் நன்றாகவே இருக்கும்.

பெறாமகளிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "மாக்கலவைக்கு ஏதும் விட்டனியோ?" என்பது. "காய்ஞ்சு போய்க் கிடந்தது சித்தி, ரெண்டு கரண்டி பால் விட்டனான்" என்றாள். அங்கேயே பாதிக் கதை முடிந்தது. கலவை காய்ந்த மாதிரித்தான் இருக்கவேண்டும். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் கட்டியாக நிற்கவேண்டும், பெருவிரலால் தட்டினால் உடையவேண்டும். புட்டு மாவுக்குப் பார்க்கிற அதே பதம். காய்ந்து தோன்றுகிறது என்று பால், தண்ணீர், முட்டை எதையும் விடாதீர்கள்.

இதுவரை வந்ததைச் சுருக்கிக்கொள்வோம். மேலே போடுவது மணி மணியான மா. அதை மணியாக்குவது கொழுப்பு. தண்ணீர் சேர்ந்தால் குளூட்டன் வலை பின்னி உதிர்வைக் கெடுக்கும்.

சோறு எப்போது அடிப்பிடிக்கும்?

இனி சூட்டுக்கு வருவோம். "எத்தனை பாகை வைக்கிறது?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதைவிட நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது: சோறு எப்போது அடிப்பிடிக்கும்? பானையில் தண்ணீர் இருக்கும்வரை பிடிக்காது. நெருப்பை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீர் வேகமாகக் கொதிக்குமே தவிர, 100 பாகைக்கு மேல் சூடேறாது. கூடுதல் சூடெல்லாம் ஆவியாகப் போய்விடும். தண்ணீர் வற்றிய அந்த நிமிடம் அடிச்சோற்றின் சூடு கிடுகிடுவென்று ஏறும், பொன்னிறமாகும், கருகும்.

கிரம்பிள் தட்டில் இந்த இரண்டு நிலையும் ஒரே நேரத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. கீழே பழம்: தண்ணீர் நிறைந்தது, ஆகவே 100 பாகையைச் சுற்றியே நின்று வேகும். மேலே மா: உலர்ந்தது, ஆகவே ஓவன் காற்றின் சூட்டுக்கு ஏறமுடியும். 140 பாகையைத் தாண்டும்போது மாவிலுள்ள புரதமும் சீனி வகைகளும் தங்களுக்குள் தாக்கம் புரிந்து, பொன்னிறத்தையும் அந்த வறுத்த வாசத்தையும் உண்டாக்கும். இதை 1912இல் விளக்கிய பிரெஞ்சுக்காரர் லூயி கமில் மையாரின் பெயரால் மையார் தாக்கம் என்பார்கள். பாணின் மேல்தோல், வறுத்த மாவின் வாசம், தூளுக்குக் கொத்தமல்லி வறுக்கும்போது தெருமுனைவரை போகிற மணம், எல்லாவற்றிலும் இதன் பங்கு உண்டு.

மேலே தூவியது ஈரமாக இருந்தால் என்னவாகும்? அந்த ஈரம் காய்வதற்கே நேரமெல்லாம் போகும். 100 பாகையிலேயே மாட்டிக்கொண்ட மா வேகும், சிவக்காது. பெறாமகளின் தட்டில் மிதந்த வெள்ளைத் திட்டுகள் அவைதான். மைக்ரோவேவில் கிரம்பிள் வைத்தால் சிவக்காததற்கும் காரணம் இதுவே. மைக்ரோவேவ் பெரும்பாலும் பண்டத்திலுள்ள தண்ணீரைத்தான் சூடாக்குகிறது, சுற்றியுள்ள காற்றையல்ல. உலர்ந்த சூடு அங்கே கிடையாது.

இன்னொரு விஷயம். கீழே பழம் கொதிக்கும்போது எழும் ஆவி எங்காவது போகவேண்டும். நீத்துப்பெட்டிக்குள் புட்டு மாவை அமுக்கி அடைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆவி மேலே வராது, நடுவில் பச்சை மாவாகக் கிடக்கும். கிரம்பிளிலும் அப்படியே. மணிகளைத் தளர்வாகத் தூவிவிட்டுக் கையை எடுத்துவிடவேண்டும். அழகாக இருக்கவேண்டும் என்று கரண்டியால் தட்டிச் சமப்படுத்தினால், ஆவி அடியிலேயே அடைபட்டு, மாவின் கீழ்ப்பக்கம் களியாகிவிடும். இரண்டு சென்றிமீற்றருக்கு மேல் தடிப்பமும் வேண்டாம்.

பழம் விடும் தண்ணீர்

மேல்மாடி சரி. கீழ்வீட்டில்தான் பெரும்பாலான வெள்ளம்.

பழம் என்பது பார்வைக்குத்தான் திண்மம். மாம்பழத்தில் நூற்றுக்கு 83 பங்கு தண்ணீர், அன்னாசியில் 86, பப்பாப்பழத்தில் 88, வாழைப்பழத்தில் 75. இந்தத் தண்ணீர் கோடிக்கணக்கான கலங்களுக்குள் அடைபட்டிருக்கிறது. கலங்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பசைக்குப் பெயர் பெக்டின். சூட்டில் பெக்டின் கரையும், கலச்சுவர் உடையும், தண்ணீர் வெளியே வரும். பழம் நன்றாகப் பழுக்கும்போதே அந்தப் பசை பாதி கரைந்துவிடுகிறது. அதனால்தான் கனிந்த மாம்பழம் கையில் அழுந்துகிறது. கனிந்ததை ஓவனில் வைத்தால் மீதிப் பாதியும் போய், தட்டில் சாறுதான் மிஞ்சும்.

சீனி போட்டால் நிலைமை இன்னும் வேகமாகும். மாங்காய்த் துண்டுக்கு உப்புத் தூவி வைத்தால் சிறிது நேரத்தில் அடியில் தண்ணீர் தேங்குமே, அதே சங்கதி. செறிவான பக்கத்தை நோக்கிக் கலத்துக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே வருகிறது. சாதாரணதரத்தில் பிரசாரணம் என்று படித்தது இதுதான். ஆகவே பழத்துக்குச் சீனி போட்டுவிட்டு, "பிறகு வைப்பம்" என்று தொலைக்காட்சி பார்க்கப் போகக்கூடாது.

வெளியே வந்த தண்ணீரைத் திருப்பி அனுப்ப முடியாது. பிடித்து வைக்கலாம். அதற்குத்தான் ஒரு கரண்டி சோளமா (வெள்ளையான கோர்ன்ஃபிளவர்). ஆடிக்கூழ் காய்ச்சியவர்களுக்கு இது கண்ணால் கண்ட பாடம். கரைத்த மாவை ஊற்றித் துழாவும்போது முதலில் தண்ணீராகத்தான் ஓடும். சூடு ஏற ஏற, ஒரு கட்டத்தில் அகப்பை கனக்கத் தொடங்கும். மாப்பொருள் மணிகள் 60, 70 பாகையைத் தாண்டும்போது தண்ணீரை உறிஞ்சி ஊதிப் பெருத்து, தடிப்பாகின்றன. இதைக் களியாதல் என்று வைத்துக்கொள்வோம். கூழ் ஆறினால் இன்னும் இறுகும். பழச்சாறும் அப்படியே.

தட்டின் நடுப்பகுதிவரை கொதி வராவிட்டால் சோளமா முழுதாகக் களியாகாது. மேலே சிவந்துவிட்டது என்று அவசரப்பட்டு எடுத்துவிடுகிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். கண்ணாடித் தட்டில் செய்தால் ஓரத்தைப் பார்க்கலாம். முதலில் வரும் குமிழிகள் சோடாவில் வருவதுபோலச் சின்னதாய், வேகமாய் வந்து உடையும். அது வெறும் சாறு. பொறுத்திருந்தால் குமிழிகள் பெரிதாகும், சோம்பலாக எழும்பும். ஒன்று மேலே வந்து, ஒரு கணம் பளபளவென்று நின்று, "பொளக்" என்று உடைந்து, உடைந்த இடத்தில் ஒரு சின்னக் குழி மெதுவாக மூடும். கூழ்ப்பானையில் பார்த்திருப்பீர்கள். அந்தக் குமிழியைக் கண்ட பிறகு இன்னும் ஐந்து நிமிடம், பிறகு எடுக்கலாம்.

எடுத்தவுடன் வெட்டக்கூடாது. குறைந்தது இருபது நிமிடம் ஆறவேண்டும். என் வீட்டில் இந்த இருபது நிமிடத்தைக் காப்பாற்றுவதுதான் மொத்த வேலையிலும் கடினமானது.

ஆக, கீழே நடப்பது இவ்வளவுதான்: பழம் தண்ணீர் விடும், கனிந்தால் கூட விடும், சீனி அதை விரைவாக்கும், மாப்பொருள் அதைப் பிடிக்கும், ஆறும்போது இறுகும்.

சந்தையில் எதை வாங்குவது

இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளில் பல அப்பிளுக்கு எழுதியவை. அப்பிள் இறுக்கமான பழம், பெக்டின் நிறைந்தது, புளிப்பும் உண்டு. இங்கிலாந்தில் இதற்கென்றே பிராம்லி என்ற மிகப் புளிப்பான சமையல் அப்பிள் இருக்கிறது. அந்த அளவையும் நேரத்தையும் அப்படியே நம் மாம்பழத்துக்குப் பொருத்தினால் சொதி வராமல் வேறென்ன வரும்? இறக்குமதி அப்பிள் வாங்கித்தான் செய்யவேண்டும் என்று ஒன்றுமில்லை. பழத்துக்குத் தக்கபடி கணக்கை மாற்றவேண்டும், அவ்வளவே.

மாம்பழம் என்றால் செங்காய்ப் பருவத்தில் எடுங்கள். விலாட் செங்காய் நல்ல பொருத்தம், பெரிய சதை, வெட்டவும் எளிது. கனிந்த கறுத்தக்கொழும்பானை ஓவனில் வைப்பது பாவம். அதைக் கிணற்றடியில் நின்று, சாறு முழங்கைவரை வழியத் தின்னவேண்டும்.

வாழைப்பழத்தில் தண்ணீர் குறைவு, மாப்பொருளும் தானாகவே இருக்கிறது. சோளமா தேவையில்லை. நீர்வேலிப் பக்கமிருந்து வருகிற கதலியில் மெல்லிய புளிப்பு இருப்பதால் எனக்கு அதுதான் விருப்பம். முதன்முதலில் செய்கிறவர்கள் வாழைப்பழத்தில் தொடங்கினால் தோற்பது கடினம்.

அன்னாசி நார்ப்பழம், வெந்தாலும் துண்டாகவே நிற்கும், ஆனால் தண்ணீர் கொட்டும். துண்டுகளைத் தாச்சியில் போட்டு ஐந்தாறு நிமிடம் வற்றவிட்டு எடுத்தால் பிரச்சினை தீர்ந்தது. பப்பாப்பழத்துக்குப் புளிப்பே இல்லை. தேசிக்காய்ப் புளி விடாவிட்டால் வெறும் இனிப்பாகத் தொண்டையில் நிற்கும். யாழ்ப்பாணத்து முந்திரிகைப்பழம் (திராட்சை) நிறத்துக்கும் புளிப்புக்கும் அருமை, விதை எடுக்கப் பொறுமை இருந்தால். எனக்கு இல்லை. தென்மராட்சிப் பலாச்சுளையிலும் ஒருமுறை செய்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஓவன் மட்டும் ஒரு கிழமைக்குப் பலாப்பழமாகவே மணத்தது.

சரி, செய்வோம்

நான்கைந்து பேருக்கு: தோல் நீக்கி ஓரங்குலத் துண்டுகளாக வெட்டிய பழம் 700 கிராம். அதற்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி சீனி, பாதித் தேசிக்காயின் புளி, ஒரு மேசைக்கரண்டி சோளமா. அன்னாசி என்றால் ஒன்றரை. மேலே தூவ கோதுமை மா 150 கிராம், பட்டர் 75 கிராம், சீனி 75 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. நிறைக் கணக்கில் இரண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று என்று நினைவில் வைத்தால் எந்தத் தட்டுக்கும் கூட்டிக் குறைக்கலாம். கறுவாத்தூள் அப்பிளுக்குப் பொருந்தும். மாம்பழத்துக்கு ஏலக்காய்தான்.

ஓவனை 190 பாகைக்கு வைத்துவிட்டு, மேல் மாவை முதலில் செய்யுங்கள், பழத்தை அல்ல. காரணம் பிரசாரணம். குளிர்ந்த பட்டரைச் சின்னத் துண்டுகளாக வெட்டி மாவில் போட்டு, விரல் நுனிகளால் மட்டும் உரசி உரசி உதிர்க்கவேண்டும். உள்ளங்கையில் சூடு அதிகம், அது பட்டரை உருக்கிவிடும். சில மணி பயறளவு, சில கடலையளவு என்று ஒழுங்கில்லாமல் இருப்பதுதான் நல்லது. சின்னது நன்றாக முறுகும், பெரியது உள்ளே கொஞ்சம் மென்மையாக இருக்கும். பிறகு சீனியைக் கலந்து, கிண்ணத்தோடு குளிர்சாதனப் பெட்டிக்குள் பதினைந்து நிமிடம் வையுங்கள். நம் வெக்கைக்கு இந்தப் பதினைந்து நிமிடம் கட்டாயம்.

அதற்குள் பழத்தை வெட்டி, சீனி, சோளமா, தேசிப்புளி சேர்த்துப் பிரட்டித் தட்டில் பரப்பி, குளிர்ந்த மணிகளைத் தூவி, உடனே ஓவனுக்குள். 35 முதல் 45 நிமிடம். மணிக்கூட்டைவிட ஓரக் குமிழியை நம்புங்கள். மேலே அதிகம் சிவக்கிறது, குமிழி இன்னும் வரவில்லை என்றால் மேலே ஒரு அலுமினியத்தாளைத் தளர்வாகப் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம்.

சீனிக்குப் பதில் பனங்கட்டி போடலாமா என்று கேட்பார்கள். பழத்துக்குத் தாராளமாகப் போடலாம். மேல் மாவுக்குப் பாதி சீனி, பாதி துருவிய பனங்கட்டி என்று நிறுத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் பனங்கட்டி ஈரம் பிடிக்கும். மாவில் பாதியை அவித்த மாவாகப் போட்டால் இன்னும் உதிரியாக வருகிறது. குரக்கன் மா மூன்றில் ஒரு பங்கு சேர்ப்பதும் எனக்குப் பிடிக்கும். ஒடியல் மாவிலும் முயன்றேன். யாரும் இரண்டாவது கரண்டி எடுக்கவில்லை.

ஓவன் இல்லாத வீட்டில்

அம்மம்மா கேக் சுட்ட விதம் எனக்கு நினைவிருக்கிறது. அடுப்பில் சட்டி, சட்டிக்குள் மணல், மணலின்மேல் கேக் தட்டு, மூடிய தகரத்தின்மேல் தேங்காய்ச் சிரட்டைத் தணல். மேல் நெருப்பு இல்லாமல் மேல்பக்கம் சிவக்காது என்பது அவருக்குத் தெரியும். இன்று கேஸ் அடுப்பில் பாத்திரத்தை மூடிவைத்துக் கேக் செய்கிறவர்கள் அதே முறையில் கிரம்பிளும் செய்யப் பார்க்கிறார்கள். பழம் வேகும். ஆனால் மூடியில் படிந்த ஆவி சொட்டுச் சொட்டாக மாவின்மேல் விழும். உலர்ந்த சூடு வேண்டிய இடத்தில் மழை.

இரண்டையும் பிரித்துவிடுவதே நல்லது. பழத்தைச் சட்டியில் தனியாகக் கொதிக்கவிட்டு, சோளமாவைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து ஊற்றித் தடிக்கவையுங்கள். மாவையும் பட்டரையும் உதிர்த்து, அகலமான தாச்சியில் இளந்தணலில் வறுங்கள். மா வறுப்பதுபோலக் கைவிடாமல் கிளறவேண்டும். மணிகள் கொஞ்சம் உடையும், பரவாயில்லை. பன்னிரண்டு, பதினைந்து நிமிடத்தில் பொன்னிறம் வரும். சீனியைக் கடைசி இரண்டு நிமிடத்தில் தூவவேண்டும், முன்னமே போட்டால் உருகிக் கருகும். பரிமாறும்போது பழத்தின்மேல் தூவினால் சரி. வெள்ளைக்காரர் இதைக் கிரம்பிள் என்று ஒத்துக்கொள்வார்களோ தெரியாது. மொறுமொறுப்பில் குறை சொல்லமாட்டார்கள்.

மிஞ்சினால் அடுத்தநாள் மேல்பக்கம் நமுத்துவிடும், ஏனென்றால் கீழேயுள்ள ஈரம் இரவோடிரவாக மேலேறிவிடுகிறது. திரும்ப ஓவனில் பத்து நிமிடம் வைத்தால் ஈரம் போய்ப் பழைய நிலைக்குக் கிட்ட வரும்.

பெறாமகள் ஆனியில் இரண்டாவது முறை செய்தாள். செங்காய் விலாட், பால் விடவில்லை, அமுக்கவில்லை. படத்தில் ஓரமெல்லாம் பொன்னிறம், ஒரு மூலையில் மஞ்சள் சாறு தடிப்பாக வழிந்து காய்ந்திருந்தது. கூடவே ஒரு புதுக் கேள்வி: "சித்தி, அம்மா இதுக்கு மேல தேங்காய்ப்பூ போடட்டாம். புட்டு மாதிரித்தானே எண்டு சொல்லுறா. போடலாமோ?"

அக்கா சொன்னால் தட்டமுடியாது. ஆனால் பச்சைத் தேங்காய்ப்பூவில் ஏறக்குறைய பாதி தண்ணீர். "தாச்சியில போட்டு, சலசலவெண்டு சத்தம் கேக்குமட்டும் வறுத்துப்போட்டுப் போடு" என்று பதில் அனுப்பினேன்.